மாசிலாமணிக்கு ஒரு நினைவு ஜெபம்

மாசிலாமணியை அந்த வருஷமும் அடக்கம் செய்து, மண் போட்டு, கடைசிப் பாட்டையும் பாடி முடித்து, பெஞ்சின்மேல் விரித்திருந்த வெள்ளைத் துணியை மாணவர்கள் மடித்துக்கொண்டிருந்தபோது, மாசிலாமணியின் மனைவி கிருபைப்பேரியிலிருந்து பஸ்ஸில் வந்து இறையியல் கல்லூரி வாசலில் இறங்கினார். சாரல் விழுந்துகொண்டிருந்ததால் ஒரு கையில் குடை இருந்தது, மற்றக் கையில் வயர் கூடை இருந்தது, கூடைக்குள்ளிருந்து ஐயருக்கென்று பறித்து வந்த முருங்கைக்காய்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

கிருபைப்பேரி என்று ஓர் ஊர் திருச்சபையின் எந்தச் சேகரத்திலும் இல்லை. மாசிலாமணி என்ற மனிதரும் இருந்ததில்லை. குருவானவர் வேதமுத்து ஐயர் அந்தக் கல்லூரியில் வழிபாட்டியல் ஆசிரியராகச் சேர்ந்த புதிதில், நாளைக்குக் குருமாராகப் போகிறவர்களுக்கு அடக்க ஆராதனை நடத்தச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. ஜெபாலயத்துக்குப் பின்னால் மாணவர்களே முழங்கால் அளவுக்கு ஒரு குழி வெட்டினார்கள், பெஞ்சைப் பெட்டியாக்கினார்கள், எல்லாம் தயாரான பிறகு ஒருவன், "சார், இறந்தவர் பேர் என்ன?" என்று கேட்டான். ஐயர் அரை நொடி மலையைப் பார்த்தார், "மாசிலாமணி, வயது அறுபத்திரண்டு, கிருபைப்பேரி சபை, மனைவி இருக்கிறார்" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு வருஷந்தோறும் சாரல் தொடங்குகிற சமயத்தில் மாசிலாமணி இறந்தார், வருஷந்தோறும் புதிய குரல்கள் அவரை மண்ணுக்கு ஒப்புக்கொடுத்தன, அவரை அடக்கம் செய்து பழகியவர்கள் மாவட்டம் முழுக்கப் பரவி நிஜமான மனிதர்களைத் தடுமாறாமல் அடக்கம் செய்துகொண்டிருந்தார்கள்.

அந்த வருஷம் மனைவி வேஷம் சாலமோனுக்கு வந்தது. ஆறடி உயரமும் அடர்ந்த மீசையுமாக இருந்த சாலமோன் தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு, "என்ன விட்டுட்டுப் போயிட்டியளே" என்று மார்பில் அடித்து அழுதான், அழுதவன் நடுவில் சிரித்துவிட்டான், அவன் சிரித்ததும் வகுப்பு முழுவதும் சிரித்தது, சிரிக்கக் கூடாது என்று சொல்ல வாயைத் திறந்த வேதமுத்து ஐயரும் சிரித்துவிட்டார். கடைசிப் பாட்டு முடிந்த நேரத்தில்தான் பஸ் வாசலில் வந்து நின்றது.

காவலாளி, யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டான்.

"அடக்கம் பண்ணுன ஐயரப் பாக்கணும்."

"எந்த அடக்கம்மா?"

"இப்பத்தான பண்ணுனிய. நான் அவுக வீட்டுக்காரி."

மாசிலாமணி குழிக்குள் போவதைப் பல வருஷமாகத் தூரத்திலிருந்து பார்த்திருந்த காவலாளி, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "பின்பக்கம் இருக்காங்க, போங்கம்மா" என்று வழிகாட்டினான்.

அந்த அம்மாள் நேரே வந்து, துண்டைத் தலையிலிருந்து எடுக்க மறந்து நின்ற சாலமோனைப் பார்த்தார். "எனக்குப் பதிலா அழுத பிள்ளை நீதானா?"

"ஆமாம்மா."

"நல்லாத்தான் அழுத. பஸ்ஸுக்குள்ள வரைக்கும் கேட்டுச்சு. நெஞ்சுல அடிக்கையில மட்டும் சிரிச்சுட்ட."

சாலமோன் துண்டை எடுத்து, என்ன செய்வதென்று தெரியாமல், அதை நான்காக மடித்தான். அந்த அம்மாள் முருங்கைக்காய்க் கட்டை வேதமுத்து ஐயர் கையில் கொடுத்தார். ஐயர் இடுகாட்டில் நிற்கிற முகத்தோடு அதை வாங்கிக்கொண்டார்.

சமையலறைப் பொறுப்பிலிருந்த சொர்ணம், வந்தவர் யார் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டபின் அவரிடம் கேட்ட ஒரே கேள்வி, "சாப்பிட்டியளா மதினி?" என்பதுதான். சாப்பிடவில்லை என்றதும் இட்லி வந்தது, இட்லிக்குப் பிறகு காப்பி வந்தது, காப்பிக்குப் பிறகு பெண்கள் விடுதியில் ஜன்னலோரக் கட்டில் ஒன்று காலியானது. சாயங்காலத்துக்குள் ஆசிரியர் குடியிருப்பிலிருந்து இரண்டு சேலைகளும் ஒரு போர்வையும் வந்து சேர்ந்தன, சொர்ணம் கூப்பிட்டதைப் பார்த்து எல்லாரும் அவரை மதினி என்றே கூப்பிட்டார்கள். அவரும் மறுநாள் காலையிலேயே சமையலறைக்குப் போய், சாம்பாருக்குப் புளி அதிகம் என்று சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிட்டார்.

ஆசிரியர் கூட்டத்தில் விஷயம் அத்தனை சுலபமாக இல்லை. இறைக்கோட்பாடு கற்பிப்பவர், இல்லாத ஒருவருடைய விதவை இருக்க முடியாது என்பதை மூன்று வழிகளில் நிரூபித்தார். பழைய ஏற்பாட்டு ஆசிரியர், வேதத்தில் எத்தனையோ விதவைகள் வந்து கேட்டிருக்கிறார்கள், ஒருவரிடமும் நீ இருக்கிறாயா என்று யாரும் கேட்டதில்லை என்றார். எந்தச் சேகரத்தில் சேர்ப்பது என்று விவாதித்தார்கள், விடுமுறைக்கு எங்கே அனுப்புவது என்று விவாதித்தார்கள். கடைசியில் முதல்வர் பாக்கியநாதன், "விருந்தாளின்னு வச்சுக்குவோம். விருந்தாளிக்குச் சட்டதிட்டத்துல இடம் இருக்கு" என்று கூட்டத்தை முடித்தார்.

ஆனால் அன்றைக்கு மத்தியானத்திலிருந்தே வகுப்புகளில் ஒரு ஜாக்கிரதை வந்துவிட்டது. குடும்ப ஆலோசனை கற்பிக்கும் எட்வின், தன் பாடத்தில் பல வருஷமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்த ஓர் உதாரணத் தம்பதியை, பெட்டியும் கையுமாக அவர்கள் வாசலில் வந்து நிற்பதற்குள், ஒரே வகுப்பில் சமாதானப்படுத்தி வைத்தார். நன்னெறி ஆசிரியர், கவிழப்போகிற படகிலிருந்து யாரை முதலில் தள்ளுவது என்று மாணவர்களைக் கேட்டுப் பழகியவர், படகுக்குள் இருந்த எல்லாரையும் கரையேற்றி, தலைதுவட்டத் துண்டும் கொடுத்தார். பிரசங்க வகுப்பில் ஒருவன் "ஒரு ஊரில் ஒரு குடிகாரன் இருந்தான்" என்று தொடங்கினான், பின்பெஞ்சிலிருந்து ஹெப்சிபா, "அவனுக்கும் சேர்த்து மெஸ்ஸில் சொல்லிருவேன்" என்றாள். ஹெப்சிபா கடைசி வருஷத்து மாணவி, வாய் கொஞ்சம் நீளம். அவன் குடிகாரனை அந்த இடத்திலேயே விட்டுவிட்டு நேரே வசனத்துக்குப் போனான்.

வேதமுத்து ஐயர் மட்டும் இதிலெல்லாம் கலந்துகொள்ளவில்லை. அவர் எதையும் பாதி ராகமாக இழுத்து யோசிக்கிறவர், ஐம்பத்தைந்து வயதிலும் தன் அழைப்பு உண்மையானதுதானா என்று குளிக்கும்போது தன்னையே கேட்டுக்கொள்கிறவர். "மனைவி இருக்கிறார்" என்று தான் சொன்னதை நினைத்துக்கொண்டு நடந்தார். வாக்கியம் மொட்டையாக நிற்கிறதே என்று ஒலிக்காகச் சேர்த்த இரண்டு சொற்கள் அவை. ஒலிக்காக ஒரு பெண்ணை விதவையாக்கலாமா என்று கேட்டுக்கொண்டார். சொல்லாமல் விட்டிருந்தால் மாசிலாமணியை அழ ஆளே இல்லாமல் புதைத்திருப்போமே என்றும் கேட்டுக்கொண்டார்.

மூன்றாம் நாள் மதினியே அவரைத் தேடி நூலகத்துக்கு வந்தார்.

"ஐயரே, வந்த காரியத்தச் சொல்லணும்."

"சொல்லுங்கம்மா."

"அவுகளுக்கு ஒரு நினைவு ஜெபம் வைக்கணும். நினைவு ஜெபம்னா நாலு பேரு எந்திச்சு அவுகளப் பத்திப் பேசணும், கடைசில வீட்டுக்காரி பேசணும். எனக்குப் பேச ஒண்ணும் இல்ல."

"துக்கத்துல அப்படித்தான் இருக்கும்மா, வார்த்தை வராது."

"அது இல்ல ஐயரே. வார்த்தை இருக்கு. ஆளு இல்ல." அவர் சேலைத் தலைப்பை விரலில் சுற்றினார். "வருஷா வருஷம் எனக்குத் துக்கம் வருது. எந்திச்சுப் பாத்தா வீட்டுக்காரர் இல்ல. சரி, எப்படி இருந்தாவ, கருப்பா சிவப்பா, பேசுவாவளா பேசமாட்டாவளா, ஒண்ணும் தெரியாது. யாரை நெனச்சு அழுறது? பாதி அழுகையில நின்னு போயிருது. மறுவருஷம் முதல்ல இருந்து திருப்பி வருது. ஆளத் தெரிஞ்சா ஒரு தடவை அழுது முடிச்சிருவேன். நீங்கதான அவுகள அடக்கம் பண்ணுனிய. உங்களுக்குத் தெரியும்லா?"

வேதமுத்து ஐயருக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் முடியவில்லை. இரண்டு நாள் அவகாசம் கேட்டார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மாசிலாமணிக்கு ஒரு வாழ்க்கையை உண்டாக்க உட்கார்ந்தார்.

நல்ல வாழ்க்கையாகத்தான் உண்டாக்கினார். மாசிலாமணி சிறுவயதிலேயே பக்தியில் வளர்ந்தார், ஓய்வுநாள் பள்ளியை நடத்தினார், சபையார் கூடிச் சாப்பிடும் அசன பண்டிகைக்கு முதல் ஆளாக வந்து கடைசி ஆளாகப் போனார், ஏழைகளைத் தாங்கினார், எவரிடமும் கோபப்பட்டதில்லை, நல்ல போராட்டத்தைப் போராடினார். ஐயர் சொல்லச் சொல்ல மதினி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கல்லறைல வெட்டி வச்ச மாதிரி இருக்கு ஐயரே."

"ஏம்மா, நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்கு. இவரு கூட நான் எதுக்குச் சண்டை போட்டிருப்பேன்? சண்டையே போடாத ஆள நான் எப்படிக் கட்டியிருப்பேன்?"

அன்றைக்கு மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது ஐயர் தன் மனைவி லில்லியிடம் கேட்டார். "நான் போயிட்டா என்னப் பத்தி என்ன சொல்லுவ?"

"இப்ப எதுக்கு அது? மோர் ஊத்தவா?"

"சொல்லேன்."

லில்லி யோசிக்கவே இல்லை. "மீன் சாப்பிட்டா முள்ளெல்லாம் தட்டு ஓரத்துல வரிசையா, ஒரே அளவா, அடுக்கி வைப்பாங்க. முடிஞ்சதும் எண்ணிப் பாக்கிற மாதிரி ஒரு பார்வை பாப்பாங்க. அதைச் சொல்லுவேன்."

"அவ்வளவுதானா? பிரசங்கம், ஊழியம்..."

"அதை ஊர் சொல்லும். எனக்கு முள்ளுதான்."

ஐயர் தன் தட்டைக் குனிந்து பார்த்தார். முட்கள் வரிசையாக இருந்தன.

மறுநாள் வகுப்பில் அவர் புத்தகத்தைத் திறக்கவில்லை. உங்கள் வீட்டில் இறந்துபோன ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள், ஊர் சொல்லாத ஒன்றை, வீட்டுக்கு மட்டும் தெரிந்த ஒன்றை எடுத்துக்கொண்டு போய் அந்த அம்மாளுக்குக் கொடுங்கள், மாசிலாமணிக்கு இல்லாததால் கேட்கிறேன் என்றார். "கொடுத்துட்டா நமக்கு இருக்குமா சார்?" என்று ஹெப்சிபா கேட்டாள். தெரியாது என்றார் ஐயர். அவள் அதற்குமேல் கேட்காமல் முதலில் எழுந்து போனாள்.

மதினி வாதாமரத்தடியில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். ஹெப்சிபா தன் தாய்மாமாவைக் கொடுத்தாள். பிரசங்கம் நீளும்போது அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி, பிரசங்கியாருக்குக் கேட்கும்படி சாவி கொடுப்பார். சாலமோன் வெகுநேரம் தயங்கி நின்று தன் அப்பாவைக் கொடுத்தான். பஸ் கண்டக்டராக இருந்தவர், வீட்டிலும் சோறு போதும் என்றால் வாயால் ஒரு விசில் அடிப்பார், இன்னும் போடு என்றால் இரண்டு விசில். சொல்லிவிட்டு அவன் திரும்பி நின்றுகொண்டான், அவன் முதுகு ஆடியது, அந்த அம்மாள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, இந்தத் தடவை நல்லா அழுத என்று சொல்லி அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தார். எட்வின் தன் அண்ணனைக் கொடுத்தார், பேப்பரைக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்து முதல் பக்கத்துக்கு வருவதற்குள் தூங்கிப்போகிறவர். காவலாளி, மனைவியோடு கோபம் என்றால் அவளிடம் பேசாமல் மாட்டிடம் பேசுகிற ஒரு பாட்டனாரைக் கொண்டுவந்தான். நூலகர் வந்தார், தோட்டக்காரர் வந்தார், ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் செய்யக் கிராமங்களுக்குப் போன மாணவர்கள் அங்கே விஷயத்தைச் சொல்ல, கிராமத்துச் சபைகளிலிருந்தும் ஆட்கள் புறப்பட்டுத் தங்கள் சித்தப்பாக்களோடும் கொழுந்தன்மார்களோடும் வந்தார்கள், வந்தவர்கள் கையில் வாழைத்தாரும் பூசணிக்காயும் இருந்தன. கொடுத்ததால் யாருக்கும் எதுவும் குறையவில்லை. கொடுத்துவிட்டுத் திரும்பியவர்கள் கொடுப்பதற்கு முன்னால் மறந்திருந்த இன்னொன்றையும் நினைத்துக்கொண்டு போனார்கள்.

மதினி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். காலையில் வெங்காயம் உரிக்கும்போது உதடுகள் அசைய, எபிரெய வினைச்சொல்லை உருப்போடுகிற மாணவனைப்போல, விசில், கடிகாரம், பேப்பர், மாடு என்று வரிசையாகச் சொல்லிப் பார்த்தார். நினைவு ஜெபத்துக்குச் சனிக்கிழமை நாள் குறித்தார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேதமுத்து ஐயர் வந்து, எல்லாம் ஆயத்தமா என்று கேட்டார்.

"எல்லாம் தெரியும் ஐயரே. கேளுங்க, ஒண்ணு விடாமச் சொல்லுதேன்."

"பிறகென்ன?"

"ஒண்ணும் நெஞ்சுக்குள்ள இறங்கல. வெத்தலச் செல்லத்துல அடுக்கி வச்ச மாதிரி மேலயே இருக்கு. நாளைக்கும் எனக்கு அழுகை வரலேன்னா திருப்பி அடுத்த வருஷம்தான்." அவர் குற்றமாகச் சொல்லவில்லை, மழை வராது போல என்று சொல்கிற குரலில் சொன்னார்.

ஆறுதல் சொல்வதற்கென்றே சம்பளம் வாங்கிய ஐயர் நினைத்துப் பார்த்தார். அந்தப் பெண் இனிமேலும் சாரல் காலத்தில் ஆளில்லாத துக்கத்தோடு எழுந்திருப்பார், தான் உயிரோடு இருக்கிறவரை, தனக்குப் பிறகும் யாராவது அந்தப் பெயரைச் சொல்லுகிறவரை. அவர் மதினியின் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு வெங்காயத்தை எடுத்து உரிக்கத் தொடங்கினார்.

சனிக்கிழமை சாப்பாட்டுக் கூடத்தில் பாய் விரித்தார்கள். மாலை போடப் படம் இல்லாததால் ஒரு நாற்காலிக்கு வெள்ளை வேட்டி போர்த்தி வைத்தார்கள். பேராயர் அலுவலகத்தில் கூட்டம் இருந்ததால் முதல்வர் காலையிலேயே புறப்பட்டுப் போயிருந்தார், மற்ற எல்லாரும் வந்திருந்தார்கள், இடம் போதாமல் கைகழுவும் தொட்டி வரைக்கும் உட்கார்ந்திருந்தார்கள். பாட்டுப் பாடினார்கள், வசனம் வாசித்தார்கள், பிறகு ஒவ்வொருவராக எழுந்து மாசிலாமணியைப் பற்றிப் பேசினார்கள். கடிகாரத்துக்குச் சிரித்தார்கள், மாட்டுக்கு இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள், சாலமோன் விசில் அடித்துக் காட்டியபோது யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் மதினி கைகளை மடியில் வைத்துக்கொண்டு, வெளியூர்க் கல்யாணத்துக்கு வந்தவர்போல மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைசியாகச் சொர்ணம் எழுந்தாள், ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். அவள் வீட்டுக்காரர் போய்ப் பல வருஷமாகியிருந்தது. "எனக்குப் பேசத் தெரியாது. எங்க மாசிலாமணி அண்ணாச்சிக்குக் கருவாடுன்னா உசிரு. சுட்டாலும் சரி, பொரிச்சாலும் சரி, தெரு முனையில வரும்போதே வாசனை பிடிச்சிட்டு..."

"கருவாடா?" என்றார் மதினி.

சொர்ணம் நிறுத்தினாள்.

"அது உங்க வீட்டுக்காரருக்கு மதினி. இவுகளுக்கு ஆகாது. வாசனை பட்டாப் போதும், செருப்பக்கூடப் போடாம வெளிய போயிருவாவ. கல்யாணமாகி வந்த புதுசுல தெரியாம நெத்திலி பொரிச்சிட்டேன். வேலியோரம் போயி நின்னுக்கிட்டு, 'முடிஞ்சுதா, முடிஞ்சுதா'ன்னு கேக்காவ. முடிஞ்ச பிறகும் நான் சொல்லலியே. வேணும்னே நிக்க வச்சேன். மழை வேற தூறுச்சு..."

அவர் வாயை மூடிக்கொண்டார். கூடத்தில் ஒவ்வொருவரும் மற்றவர் முகத்தைப் பார்த்தார்கள். அந்த வேலியை அவருக்கு யாரும் கொடுத்திருக்கவில்லை.

"கிளுவை வேலி" என்றார் அவர் மெதுவாக, அதைப் பார்த்துச் சொல்கிறவர்போல. "அவுகதான் நட்டாவ. கோணலா நட்டாவ. நேரா நடுங்கன்னு சொன்னா, வளந்தா நேராயிரும்னு சொல்லுவாவ. நேராகவே இல்ல." பிறகு அவர் நிற்கவில்லை. பாட்டில் மூன்றாவது சரணம் வந்தால் குரல் எட்டாமல் பேசாமல் நின்று, நான்காவதில் திரும்பச் சேர்ந்துகொள்வதைச் சொன்னார். எந்தப் பாயை விரித்தாலும் ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்வதைச் சொன்னார். ஒரு பெரிய வெள்ளிக்கிழமை மூன்று மணி நேரம் நீளும் மும்மணி ஆராதனையில் குறட்டை விட்டதை, தான் கிள்ளியதை, கிள்ளியதும் "ஆமென்" என்று எழுந்து நின்றதைச் சொன்னார், சொல்லும்போதே சிரித்தார். பேசப் பேசக் காப்பி ஆறிப்போனது, யாரும் டம்ளரை எடுக்கவில்லை.

"அன்னைக்குக் காலையில தண்ணி கேட்டாவ. நான் மாவு பிசைஞ்சிட்டு இருந்தேன். கை இல்லியா, எடுத்துக் குடிங்கன்னு சொல்லிட்டேன். 'சரிட்டி'ன்னு சொன்னாவ. கை கழுவிட்டு வந்து பாத்தா, செம்பு அப்படியே இருக்கு, பக்கத்துல இவுக..." அவர் வெள்ளை வேட்டி போர்த்திய நாற்காலியைப் பார்த்தார். "எடுத்துக் குடுத்திருக்கலாம். எட்டி எடுத்துக் குடுக்கிற தூரந்தான்."

அதற்குப் பிறகு வந்த அழுகை பாதியில் நிற்கவில்லை. சொர்ணம் போய் அவரைத் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள், பெண்கள் எல்லாரும் சுற்றி உட்கார்ந்தார்கள், சாலமோன் தலை குனிந்து அழுதான், இறைக்கோட்பாடு கற்பிப்பவர் கண்ணாடியைக் கழற்றினார். முடிவு ஜெபம் சொல்லுவதற்காக எழுந்த வேதமுத்து ஐயர், புத்தகத்தைத் திறந்து பக்கத்தைப் பார்த்தார், எழுத்துகள் நனைந்திருந்தன, புத்தகத்தை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாசல் பக்கம் ஒதுங்கி நின்றார். ஒருநாளும் பார்த்திராத, மழையில் வேலியோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த அந்த மனிதருக்காக அவரும் அழுதார்.

அப்போதுதான் முதல்வர் பாக்கியநாதன் கையில் பையோடு படியேறி வந்தார். நினைவு ஜெபம் என்று அவருக்குத் தெரியும், ஆனால் நினைவு ஜெபத்தில் இப்படி யாரும் அழுது அவர் பார்த்ததில்லை. கூடத்தை எட்டிப் பார்த்துவிட்டு, பயந்துபோய், ஐயரின் கையைத் தொட்டு மெல்லக் கேட்டார்.

"யாரு தவறிட்டாங்க?"

"மாசிலாமணி."

"எப்போ?"

"இப்பத்தான்" என்றார் வேதமுத்து ஐயர்.

முதல்வர் பையைச் சுவரோரம் வைத்துவிட்டு, பாயின் ஓரத்தில் இடம் பார்த்து உட்கார்ந்தார்.